கொஞ்சம் நகருங்க, நான் பார்க்கிறேன்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. சொந்தமாக ஒரு கணினிகூடத் தேவையில்லை. பக்கத்தில் யாராவது ஒருவர் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் போதும், எங்கிருந்தோ வந்து அவருக்குப் பின்னால் நிற்கும். நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘ச்’ என்று ஒரு சத்தம் போடும். கழுத்தை நீட்டித் திரையைப் பார்க்கும், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கும், பிறகு நோயாளியின் உறவினரிடம் பேசும் டாக்டரைப் போல மெல்லிய குரலில், “கொஞ்சம் நகருங்க, நான் பார்க்கிறேன்” என்று சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் அதன் கை உங்கள் கையின்மேல் வந்து மவுஸைப் பிடித்திருக்கும். நகர்வதா வேண்டாமா என்று நீங்கள் யோசிக்கும்போதே பாதி நாற்காலி பறிபோயிருக்கும்.

இந்த இனத்தின் முதல் கேள்வி போலீஸ் நிலையக் கேள்வி. “கடைசியா எதை அமுக்கினீங்க?” அடுத்தது முன்னால் வேலை செய்தவனுக்கான ஏச்சு. “யாரு இதை இப்படி செட் பண்ணி வெச்சது?” சரியாகிவிட்டால், “இவ்ளோதான் விஷயம்” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். சரியாகாவிட்டால் குற்றம் இயந்திரத்தின் வயதுக்குப் போகும். எப்படி முடிந்தாலும் நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரேக், அதற்கு உண்டு. வேண்டாம் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறதா? கேள்விப்பட்டதில்லை.

டத்தோ கிராமாட்டில் வசிக்கும் அந்தோணிராஜ் இந்த இனத்தின் தூய வாரிசு.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்தக் காலத்தில் பிரிண்டரில் தாள் சிக்கினால் மேனேஜர்கூட “ராஜைக் கூப்பிடு” என்பார். ராஜ் வருவார், மூடியைத் திறப்பார், கசங்கிய தாளை உருவி எல்லாரும் பார்க்கும்படி ஒரு நொடி தூக்கிப் பிடிப்பார். அந்த ஒரு நொடிக்காகவே அவர் அத்தனை வருடம் வேலைக்குப் போனார் என்று அவர் மனைவி அக்னஸ் சொல்வதுண்டு. ஓய்வு பெற்ற பிறகு யார் வீட்டிலும் தாள் சிக்குவதில்லை. சிக்கினாலும் அவரைக் கூப்பிடுவதில்லை. வீட்டில் இருக்கும் ஒரே இயந்திரம் அக்னஸின் கைப்பேசி. அவர் அறைக்குள் வந்தால் அக்னஸ் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார்.

இந்த நிலையில்தான் மகள் வனேசாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கெல்வின், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர், சாந்தமான பையன். சாப்பாட்டுக்கு ஆள் போட்டாகிவிட்டது. மண்டப அலங்காரத்தை மாப்பிள்ளையின் நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். அழைப்பிதழை வனேசாவே கைப்பேசியில் செய்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அந்தோணிராஜ் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்து, கடைசியில் மகளிடமே கேட்டார்.

“நான் என்ன செய்யணும் மா?”

“டேடி, நீங்க கோட்டு போட்டுக்கிட்டு என் கையைப் பிடிச்சு நடந்து வந்தா போதும் லா.”

அவள் பிரியமாகத்தான் சொன்னாள். அவர் காதில், ‘உங்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை’ என்று விழுந்தது.

அவர் முகத்தைப் பார்த்த அக்னஸ், கல்யாணத்துக்கு முந்தின நாள், ஒரு சின்ன வேலையைத் தேடிக் கொடுத்தார். திருமணத் திருப்பலியின் ஜெபங்களும் பாடல்களும் அடங்கிய தமிழ்ப் புத்தகம், கோயிலில் எல்லார் கையிலும் கொடுப்பதற்காக, நூர்ஜானின் அச்சுக்கடையில் தயாராகிக்கொண்டிருந்தது. சரிபார்க்க வந்த முதல் பிரதியில் ஒரே ஒரு பிழை. ‘கெல்வின்’ என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘கேள்வி’ என்று இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் கேள்வி. மணமக்கள் கேள்வி, வனேசா.

“போயி, பேரைச் சரி பண்ணிட்டாங்களான்னு பார்த்துட்டு, ஓகேன்னு சொல்லிட்டு வாங்க. வேற எதையும் தொடாதீங்க” என்றார் அக்னஸ்.

“நான் எதைத் தொடப்போறேன்?” என்றார் அந்தோணிராஜ். அந்த நிமிடத்தில் அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நாசி கண்டார் சோற்றுக் கடையின் குழம்பு வாசனை நேராக வந்து மோதும் இடத்தில் இருக்கிறது நூர்ஜானின் கடை. உள்ளே இரண்டு கணினிகள். புதியது மலாய், ஆங்கில வேலைகளுக்கு. பழையது தமிழுக்கு மட்டும். அதில் இருக்கும் பக்கம் கட்டும் மென்பொருள், வனேசா பால்பல் விழுந்து திரிந்த காலத்தது. அந்த மென்பொருளுக்குப் புதிய தமிழ் எழுத்துகள் ஒத்துவராது. அதற்கென்று இருக்கும் பழைய எழுத்துருக்கள்தான் வேண்டும். அவற்றை அந்தக் காலத்தில் ஒருவர் போட்டுக்கொடுத்துவிட்டு ஜொகூருக்குக் குடிபோய்விட்டார்.

நூர்ஜான் அந்தக் கணினியோடு ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார். மவுஸை அசைத்தால் திரையில் அம்புக்குறி திடீரென்று மூலைக்கு ஓடிவிடும். நூர்ஜான் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

“எங்க வீட்டுக்காரர் மாதிரி அண்ணே. கொஞ்ச நேரம் விட்டா தானா வந்துரும்” என்றார்.

வந்தது. மறுபடி ஓடியது. பின்னால் நின்ற அந்தோணிராஜின் நாக்கு மேலண்ணத்தில் தட்டியது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அப்போது பார்த்து ஒரு தாயும் மகளும் கல்யாண விருந்து அட்டை பார்க்க வந்தார்கள். தாய்க்குத் தங்க எழுத்து வேண்டும், மகளுக்கு வெள்ளி எழுத்து.

“ஒரு நிமிஷம் அண்ணே, இவங்களைப் பார்த்துட்டு வந்துர்றேன். நீங்க உக்காருங்க” என்று நூர்ஜான் எழுந்து போனார்.

உக்காருங்க. கடையில் வேறு நாற்காலியா இல்லை? இருந்தது. அந்தோணிராஜ் எதில் உட்கார்ந்தார் என்று சொல்லவேண்டுமா?

முதலில் மவுஸைக் கவிழ்த்து, ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். அம்புக்குறி கொஞ்சம் நின்றது. அந்த வெற்றி அவர் தலைக்கு ஏறியது. அப்போதுதான் திரையை நன்றாகப் பார்த்தார். பக்கம் முழுவதும் தெரிந்தது, ஆனால் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கோடுகள். அந்த மென்பொருளின் குணம் அது. பக்கத்தைச் சிறிதாக்கினால் பொடி எழுத்தைக் கோடாகக் காட்டும், பெரிதாக்கினால் எழுத்து வந்துவிடும். நூர்ஜானிடம் கேட்டிருந்தால் மூன்று வார்த்தையில் சொல்லியிருப்பார். ஆனால் இந்த இனம் கேட்காது. கேட்டால் பிறகு என்ன மரியாதை?

திரையின் அளவை மாற்றினார். எல்லாம் யானை அளவுக்கு வீங்கியது. மறுபடி மாற்றினார். படங்கள் ஊதா நிறமாயின. கைப்பேசியை எடுத்துத் தேடினார். எங்கோ ஒரு புண்ணியவான், பழைய மென்பொருளில் எழுத்துருக்கள் அதிகமாகிவிட்டால் திரையும் அச்சும் குழம்பும், தேவையில்லாததை நீக்கிவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தோணிராஜ் எழுத்துருக்கள் இருந்த இடத்தைத் திறந்தார். தனக்குத் தெரிந்த பெயர்களை விட்டுவைத்தார். தெரியாத பெயர்களை, அவை வாய்க்குள் நுழையாத விதத்தில் இருந்ததால் குப்பை என்றே முடிவுகட்டி, ஒன்றுவிடாமல் நீக்கினார். அவர் சுத்தமான மனிதர். எனவே குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

அந்தத் தாயும் மகளும் ஒருவழியாகத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு சமரசத்துக்கு வந்தபோது, அந்தோணிராஜ் அச்சுக்குக் கொடுத்து, பிரிண்டர் ஓடத் தொடங்கியிருந்தது. அவர் முதல் தாளை உருவி, பழைய பழக்கத்தில், ஒரு நொடி தூக்கிப் பிடித்தார்.

அதில் தமிழ் இல்லை. மேலே புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும், பவுண்டு குறிகளும், இடையிடையே வெற்றுக் கட்டங்களும் வரிசை வரிசையாக நின்றன.

நூர்ஜான் தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“அண்ணே. எழுத்தெல்லாம் எங்க?”

“கொஞ்சம் க்ளீன் பண்ணேன்” என்றார் அந்தோணிராஜ். “மெஷின் பழசு இல்ல…”

“அது பழசுதான் அண்ணே. ஆனா காலையில தமிழ் பேசிச்சு.”

ஜொகூர்க்காரருக்கு ஃபோன் போட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். நூர்ஜான் நாற்காலியில் உட்கார்ந்து முட்டாக்கின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, “எங்க அத்தா இருந்த காலத்துல இருந்து இந்தத் தெருவுக்கே தமிழ் வேலை நாங்கதான் செய்யறோம்” என்றார். ஏசியிருந்தால் அந்தோணிராஜ் தாங்கியிருப்பார். ஏசவில்லை. மவுஸைப் பிடித்திருந்த கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வீட்டுக்கு ஃபோன் செய்தார். அக்னஸ் வந்தார், வனேசா வந்தாள், கெல்வின் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். புத்தகம் முழுவதையும் வேறு கணினியில் மறுபடி தட்டெழுத நேரமில்லை. கோயிலில் பாதிப்பேருக்குப் பாட்டு மனப்பாடம், மீதிப்பேருக்குப் புத்தகம் இல்லாவிட்டால் வாயே திறக்காது.

வனேசா அப்பாவைப் பார்த்தாள். “டேடி, ஒரு வேலைதானே சொன்னாங்க.”

“எனக்கு ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு மா” என்றார் அந்தோணிராஜ்.

வழி கண்டுபிடித்தது அக்னஸ். அவருடைய கைப்பையில் அந்த முதல் பிரதி இருந்தது. பிழையோடு இருந்தாலும் தமிழோடு இருந்தது. அதையே நகலெடுத்துவிடலாம் என்றார்.

“அப்ப இவரு பேரு?” என்றாள் வனேசா.

“கேள்வியாவே இருக்கட்டும்” என்றான் கெல்வின். “ஒங்க வீட்டு ஆளுங்க எல்லாம் மொதல்ல என்னை அப்படித்தான் பார்த்தாங்க. பரவால்ல மாமா.”

நூர்ஜான்தான் முதலில் சிரித்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் முட்டாக்கால் வாயைப் பொத்திக்கொண்டார். நகல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பாதியில் அது ஒருமுறை முக்கியது. நால்வரும் ஒரே சமயத்தில் அந்தோணிராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. முகப்பு அட்டைகளில் மட்டும் மாப்பிள்ளை பெயரைக் கையால் திருத்தும் வேலையை வனேசா அவரிடம் கொடுத்தாள். குமாஸ்தா கையெழுத்து, அச்சு மாதிரி வந்தது. உள்பக்கங்களைத் திருத்த நேரமில்லை.

மறுநாள் கோயிலில், திருமண வாக்கு கொடுக்கும் நேரம் வந்தது. கெல்வின் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே நம்பிப் படிப்பான். புத்தகத்தைப் பிரித்து, தொண்டையைக் கனைத்து, கோயில் முழுவதும் கேட்கும்படி படித்தான்.

“கேள்வி என்னும் நான்…”

படித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பின்வரிசைகளில் இருமல் பரவியது. முன்வரிசையில் இருந்த அந்தோணிராஜுக்கு மகளின் முதுகுதான் தெரிந்தது. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா? வனேசா மெல்லத் திரும்பி, முக்காட்டுத் துணிக்குள்ளிருந்து அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்தில் அந்தோணிராஜ் மூச்சை முழுதாக விட்டது அப்போதுதான்.

அதே நேரத்தில் ஒலிபெருக்கி ‘கீய்ய்’ என்று அலறியது. அந்தோணிராஜ் எழப்போனார். அக்னஸ் திரும்பிப் பார்க்காமலே அவர் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து ஒருவர், பாடகர் குழுவிலிருந்து ஒருவர், கடைசியில் நின்ற புகைப்படக்காரர் என்று ஆளாளுக்கு, கழுத்தை நீட்டியபடி, ஒலிபெருக்கிப் பெட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் டாக்டரின் கருணை.

ஆகவே இந்த இனம் அழியும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நீங்கள் அதில் சேர்த்தியில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அடக்கமானவர், பிறர் நாற்காலியில் உட்காராதவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கோ ஓரிடத்தில், ‘அட, முதலில் வேறொரு மவுஸை மாட்டிப் பார்த்திருக்கலாமே’ என்றோ, ‘அழித்த எழுத்துருவை மீட்க ஒரு வழி இருக்கிறதே’ என்றோ உங்கள் மனம் முணுமுணுத்ததா? நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் என்று விரல்கள் லேசாகத் துடித்தனவா?

துடித்திருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உங்கள் கோட்டின் நுனியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.