என் கோரைக்குட்டையில் குடியேறிய ஏழு வண்ணத்தான்

உவான்சாக்கோ,
அக்டோபர் 14.

லீமாவில் வாசம் செய்யும் மச்சான் நிகானோருக்கு எலாடியோ எழுதுவது. புனித பேதுரு புண்ணியத்தில் நானும் உன் தங்கை சோய்லாவும் சுகம். உன் சுகத்தை நான் கேட்பதாக இல்லை.

போன மாதம் பறவை பார்க்கிறவர்கள் என்று நாலு பேரைக் கூட்டிவந்தாயே, அவர்கள் என் குட்டையில் முற்றி நிற்கும் கோரைக்கு நடுவே ஒரு ஏழு வண்ணத்தான் கூட்டைக் கண்டுபிடித்து, 'குஞ்சு பறக்கும்வரை வெட்டாதே' என்று பலகை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கட்டைவிரல் அளவு குருவி! மஞ்சள் வயிறு, பச்சை முதுகு, நீலக் கன்னம், வாலடியில் சிவப்பு. கல்யாணப் பெண்கூட இவ்வளவு மினுக்கமாட்டாள். ஈரக் கோரைச் சக்கையைப் பூசிப் பூசி ஒற்றைத் தண்டில் கூம்பாகக் கூடு கட்டியிருக்கிறது. என் கோரைப் படகோ ஒன்றரை மாதத்தில் தண்ணீர் குடித்து ஊறிப்போச்சு. கோரை இல்லாமல் புதுப் படகை எதில் கட்டுவது? படகு இல்லையென்றால் மீன் இல்லை, மீன் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

செவ்வாய்க்கிழமை பொறுமை போய் அரிவாளோடு இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் சோய்லா குறுக்கே வந்து நின்றாள். "முதல்ல என்னை வெட்டுய்யா!" சரி, கூடு இருக்குற தண்டை விட்டுட்டுச் சுத்தி வெட்டுவோம்னு நாலு பிடி அறுத்தேன். அணைப்பு போனதும் அந்த ஒத்தத் தண்டு காத்துல பேயாட்டம் ஆடுது, உள்ள முட்டை உருளுது! பதறிப்போய்க் கையால பிடிச்சுக்கிட்டேன். அந்தக் குருவிக்கு நன்றி இருக்கா? உச்சந்தலையில ஒளிச்சு வச்சிருந்த சிவப்பைச் சிலுப்பிக்கிட்டு என்னையே வையுது! கரையோட போன ஹகோபோ, "என்ன எலாடியோ, அடைகாக்குறியா?"ங்குறான். "ஆமாடா, பொரிச்சதும் உன் பேரைத்தான் வைக்கப்போறேன், போடா!" காத்து அடங்க ரெண்டு மணி நேரம். அப்புறம் சோய்லா கழி கொண்டாந்து தண்டுக்கு முட்டுக் கொடுத்தா.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ வந்து அந்தப் பறவையைத் தூக்கிப் போகாவிட்டால், குட்டை முழுவதையும் அறுத்துத் தள்ளுவேன். என் ஆத்தா மேல் ஆணை!

நம் மாதா உன்னைச் சகல ஆபத்திலிருந்தும், முக்கியமாக என்னிடமிருந்தும், காப்பாற்றட்டும்.

எலாடியோ

பி.கு. (அக்டோபர் 17): இன்று காலை மூன்று குஞ்சு பொரித்துவிட்டது. நீ இந்தப் பக்கமே வந்துவிடாதே. உன் பெருந்தொண்டைக்குத் தாய்க்குருவி மிரண்டுவிடும். படகுக்குக் கோரையும் கிடைத்துவிட்டது. என் குட்டைக்குப் பக்கத்தில் நீ விட்டுப்போன உன் குட்டையை அடியோடு அறுத்துக் காயப்போட்டிருக்கிறேன். கவலைப்படாதே, கூடு எதுவும் இல்லை என்று தண்டு தண்டாகப் பார்த்துவிட்டுத்தான் அரிவாளை வைத்தேன்.