இடது பக்கம் திரும்பாத கார்

ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கார் அலறியது. அதனால் தாராவியிலிருந்து குர்லாவுக்கு, கொட்டுகிற மழையில், வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பாதி மும்பையைச் சுற்றி வந்து சேர்ந்தான் இசக்கிதுரை.

அலாய் வீல் கடையின் கவுண்டரிலிருந்து தங்கமயில் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியும் உரசுதா?"

"உரசலைங்க, கத்துது. சிக்னல்ல நிக்கவங்க எல்லாம் டிக்கில ஆடு இருக்குன்னு நினைக்காங்க."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை.

பழைய கார்தான். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு பையன், சக்கரங்களுக்கு மேலே இருக்கும் ஆர்ச்சுகளைத் தாடை வீங்கினதுபோல அகலமாக்கி வைத்திருந்தான். உள்ளே பழைய ஒல்லிச் சக்கரங்கள், அப்பா சட்டையை மாட்டிக்கொண்ட பிள்ளைபோல ஒடுங்கிக் கிடந்தன. அகலமான அலாய் வீல் நாலு போட்டால் முடிந்தது என்று மார்ச் மாதம் இந்தக் கடைக்கு வந்தான். இப்போது ஜூலை.

முதல் வீல் உள்ளேயே பதுங்கியது. அதை வெளியே தள்ள, வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் என்று ஒரு அலுமினிய வளையத்தை வைத்தாள் தங்கமயில். வீல் ஆர்ச்சைத் தாண்டி எட்டிப் பார்த்தது. முதல் மழையிலேயே பக்கத்தில் பைக்கில் வந்தவரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அவர் சயான் வரை துரத்திக்கொண்டு வந்து இந்தியில் வாழ்த்தினார். மெல்லிய ஸ்பேசர் போட்டார்கள், மறுபடி பதுங்கியது. இன்னும் அகலமான வீல் போட்டார்கள், இந்த அலறல்.

ஒவ்வொரு தடவையும் அவள் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அளப்பாள். பிறகு, "ஆஃப்செட் ஒத்து வரலை" என்பாள்.

"நான் பத்து வருஷமா ஆஃப்செட் பிரஸ்லதான் வேலை பாக்கேன். எனக்குத் தெரியாத ஆஃப்செட்டா?"

"அது பேப்பருக்கு. இது வீலு எவ்வளவு உள்ள நிக்கணும், எவ்வளவு வெளிய நிக்கணும்கதுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னா உங்க வண்டியை அச்சடிச்சே குடுத்துருப்பேனே!"

இப்படிப் பேசிப் பேசியே இசக்கிதுரை கெட்டுப்போனான். கார் சரியாகிவிட்டால் இங்கே வர என்ன சாக்கு என்ற பயம் வந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லவும் தைரியமில்லை. அவனுக்கிருந்த ஒரே ஆறுதல், நரைத்தவர், மீசை முளைக்காதவர் என்று பார்க்காமல் எல்லா வாடிக்கையாளரையும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் தங்கமயில், அவனை மட்டும் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்பதுதான்.

இன்றைக்கு அதற்கும் சோதனை. காலையிலேயே அக்கா பேராச்சி போனில் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை செம்பூர்ல பொண்ணு பாக்கப் போகணும்ல. சாயங்காலத்துக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லு. இன்னும் எத்தனை நாளு உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க?"

வழியெல்லாம் யோசித்து ஒரு திட்டம் வைத்திருந்தான். தங்கமயிலிடம் விஷயத்தைச் சொல்வது. அவள் முகம் வாடினால், மிச்சத்தையும் சொல்லிவிடுவது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி சரியாகணும்ங்க."

"அப்படி என்ன அவசரம்?"

"செம்பூர்ல... பொண்ணு பாக்கப் போறோம். அக்கா ஏற்பாடு."

முகம் வாடவில்லை. "நல்ல விஷயந்தான" என்றாள். எழுந்தாள். அளக்கவில்லை. நேராக உள்ளே போய் நாலு ஸ்பேசர்களை எடுத்து வந்து வைத்தாள்.

"முகைதீன் பாய், இதைப் போட்டு விடுங்க."

வீல் மாட்டும் முகைதீன் பாய் ஸ்பேசரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜாக்கியை எடுத்தார்.

மாட்டி முடித்தபோது நாலு சக்கரமும் ஆர்ச்சுக்குள் அச்சாகப் பொருந்தி நின்றன. இசக்கிதுரை ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தான். சத்தமே இல்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு சின்ன முனகலாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பள்ளம் பள்ளமாகப் பார்த்து இறக்கினான். பாழாய்ப்போன கார் வெண்ணெயாக ஓடியது.

"சத்தம் வருதா?" என்றாள், தலை நிமிராமல்.

"இல்லைங்க."

"அப்போ இனி அலைய வேண்டாம். நல்லபடியாப் போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

நாலு டயரிலும் ஒரே நேரத்தில் காற்றுப் போனதுபோல இருந்தது அவனுக்கு. காரில் போய் உட்கார்ந்தான். மழை கண்ணாடியில் வழிந்தது. இனி என்ன இருக்கிறது? போனை எடுத்து, 'சரிக்கா, போகலாம்' என்று பேராச்சிக்கு எழுதினான். அனுப்புவதற்கு விரலைக் கொண்டுபோகும்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

முகைதீன் பாய். நனைந்துகொண்டே குனிந்து, கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இந்த வண்டிக்கு இந்த சைஸுதான்னு அந்தப் புள்ளைக்கு மொத நாளே தெரியும்."