கோவர்த்தனன் கிளப்பிய வண்டி

நாற்பது தடவை உதை வாங்கிய மோட்டார் சைக்கிள் பதிலுக்கு ஒரே ஒரு தடவை உதைத்தது. கோவர்த்தனன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துங்க" என்றாள் சுண்ணாம்பு வாளியோடு அந்தப் பக்கம் போன அவர் மனைவி தாட்சாயணி.

"உதச்சப்புறம் இன்னாத்தப் பாக்கறது? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"அது உதைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமான பதில். அதனாலேயே அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டபோது எடுத்த வண்டி. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் நாகலாபுரம் சந்தை நடுவில், நாலு பேர் பார்க்க நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் போட்டவர், பன்னிரண்டு வருஷமாக அதன் பக்கம் திரும்பவில்லை. கோவர்த்தனனின் கோபம் அப்படி. சொந்த அண்ணனோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. தபால்காரரோடு மூன்று வருஷம். போன மாதம் அவர் ஊரான சத்தியவேட்டை மெட்ராஸிலிருந்து எடுத்து ஆந்திராவில் சேர்த்தார்கள்; அன்றிலிருந்து இரண்டு சர்க்காரோடும் பேச்சு இல்லை.

அவரை மறுபடி வண்டியிடம் போகவைத்தது மைத்துனன் ஜெயச்சந்திரன் போட்ட கார்டு. அவன் திருப்பதியில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. 'மாமா, அந்தத் துருப்பிடித்த இரும்பை எடைக்குப் போட்டுவிடுங்கள். இன்றிலிருந்து பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை எனக்கு லீவு. அன்றைக்கு நீங்கள் அதில் ஏறி என் வீட்டு வாசலில் வந்து இறங்கினால், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தான். கார்டு என்பதால் தபால்காரர் படித்தார். அவர் படித்ததால் ஊர் படித்தது.

"வேணாங்க. அது ஓடாது. எதுக்கு வீம்பு?" என்றாள் தாட்சாயணி.

அதோடு முடிந்தது. அன்று மாலையே கொட்டகையில் வைக்கோல் பறந்தது.

உதை வாங்கிய மறுநாள் பாலையாவை வரவழைத்தார். பஸ் கம்பெனியில் கிளீனராக இருந்து, பிறகு சைக்கிள் கடை வைத்தவர் பாலையா. அவர் பெட்ரோல் டாங்கியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளே பன்னிரண்டு வருஷத்துப் பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி கிடந்தது.

"நிதானமா செய்யணும்ணா" என்றார் பாலையா.

"நிதானம்லாம் உன் கடையில வெச்சுக்கோ. எனக்கு வண்டி ஓடணும்."

டாங்கியைக் கழுவினார்கள். கழுவியதும் அடியில் இருந்த துரு போய் ஓட்டை தெரிந்தது. ஓட்டையில் துணி சோப்பை அழுத்தி அடைத்தார் பாலையா. டயர் இரண்டும் வெடித்திருந்தன. டயர் வாங்கச் சித்தூர் போனவர் நான்கு நாள் கழித்துத்தான் திரும்பினார்.

"டயர் வாங்கப் போனியா, டயர் செய்யப் போனியா?"

"ஊரே வேற ராஜ்ஜியம் ஆயிட்டுதுண்ணா. எந்தக் கடையில எது கெடைக்கும்னே தெரியல."

சர்க்காரைத் திட்ட ஒரு வாய்ப்பு கிடைத்ததில் கோவர்த்தனன் பாலையாவை மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வண்டியைத் தெருவில் நிறுத்தி உதைத்தார்கள். சைலன்சருக்குள் எலி கூடு கட்டியிருந்தது யாருக்கும் தெரியாது. டமால் என்று ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷத்து வைக்கோலும் கரியும் எலிப் புழுக்கையுமாகப் பின்னால் பாய்ந்து, அன்று காலையில்தான் வெள்ளையடித்து முடித்த வாசல் சுவரில் அப்பிக்கொண்டது.

தாட்சாயணி சுவரைப் பார்த்தாள். மறுபடி சுண்ணாம்பு கரைக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு அவரும் திட்டியிருக்கலாம்.

"இப்ப இன்னாத்துக்குடி வெள்ள? பொங்கலா, தீவாளியா?"

"வெயில்ல அடிச்சாத்தாங்க காயும்."

வெடித்துப்போன சைலன்சரைப் பாலையா கழற்றிவிட்டார். வண்டி உடனே கிளம்பியது. ஆனால் சைலன்சர் இல்லாத சத்தத்தில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. அதைப் பிடிக்க வண்டியிலேயே துரத்தினார் கோவர்த்தனன். துரத்தத் துரத்த அது இன்னும் ஓடியது. வேகத்தைக் குறைக்கலாமென்று பார்த்தால் ஆக்சிலேட்டர் ஒயர் சிக்கிக்கொண்டு குறையவில்லை. பிள்ளையார் கோயிலைச் சத்தம் போட்டுக்கொண்டே மூன்று சுற்று சுற்றினார். ஊரார் வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். நாலாவது சுற்றில் வண்டி வைக்கோல் போரில் பாய்ந்து நின்றது.

மகள் செல்லியம்மா ஓடிவந்து அவரை வெளியே இழுத்தாள். "அடி பட்டுதா நைனா?"

"எனக்கொண்ணும் இல்ல. அந்தப் பசுவ அவுத்தது யாரு?"

"யாரும் அவுக்கல நைனா."

"அப்ப யாரத்தான் திட்டறது?"

அவள் அவர் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துவிட்டாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அம்மா பார்ப்பதைக் கண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை வண்டி ஒருவாறு ஓடியதும், "இப்பவே போறேன்" என்றார் கோவர்த்தனன்.

"இன்னிக்கு வடக்கே சூலம். அவனும் நாளைக்குத்தான இருப்பான்?" என்றாள் தாட்சாயணி.

அதற்கு ஒத்தாசையாகப் பாலையா பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத ராத்திரி சுத்தம் பண்ணித் தரேண்ணா. காலைல ஜோரா ஓடும்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நாலு பேர் தள்ள வண்டி கிளம்பியது. ஒயருக்குப் பதில் பாலையா ஒரு சணல் கயிற்றைக் கட்டிக் கையில் கொடுத்திருந்தார். இழுத்தால் முழு வேகம். விட்டால் வண்டி நின்றுவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது.

"வழியில எங்கியும் நிறுத்தாதண்ணா. நின்னா மறுபடி நாலு பேர் வேணும்."

தாட்சாயணி புளிசோற்று மூட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். "அவசரப்படாம வாங்க. சாயங்காலம் ஆனாலும் பரவால்ல."

ஊரைத் தாண்டும் முன்பே இரண்டு மாட்டுவண்டிக்காரரையும் ஒரு சைக்கிள்காரரையும் திட்டி முடித்தார். சத்தத்தில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினார். பிச்சாட்டூர் தாண்டி எதிரே வந்த பஸ் புழுதியை வாரி மேலே கொட்டியது. "கண்ணு தெரியலயாடா?" என்று கத்தினார். ஜன்னலோரம் இருந்த மீசைக்காரர் ஒருவர் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். புழுதிக்குப் பயந்தவர் போலும்.

நாராயணவனம் பக்கத்தில் மலைக்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. கால் மைல் தூரத்துக்கு அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை. அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து ஒருதரம் இந்த வழியாக வரலாமா என்றுகூடத் தோன்றியது. உடனே தன்மேலேயே கோபம் வந்தது.

புத்தூரில் போலீஸ்காரர் கை காட்டி, வண்டியை நிறுத்தும்படி தெலுங்கில் கத்தினார். "பண்டி ஆபு."

"ஆபுனா மறுபடி தள்ள ஆள் இல்லய்யா. நீ தள்ளுவியா?"

அவர் விசில் ஊதிக்கொண்டே சிறிது தூரம் ஓடிவந்தார். கோவர்த்தனன் கயிற்றை இன்னும் இழுத்தார். சோப்பு இளகிப் பெட்ரோல் தொடையில் சொட்டியது. வேட்டி கரியானது. புளிசோறு கழுத்திலிருந்து முதுகுக்குப் போய், முதுகிலிருந்து காணாமல் போனது. பத்தரை மணிக்குத் திருப்பதி வந்தது. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஜெயச்சந்திரன் வீட்டு முன்னால் கயிற்றை விட்டார். வண்டி ஒரு தடவை இருமி, சரியாக வாசலில் நின்றது.

அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை. மூஞ்சியைத் துண்டால் துடைத்தார். எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய், வெளிய வாடா" என்றார்.

கதவில் பூட்டு தொங்கியது.

"பயந்துகினு ஓடிட்டான் பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பூட்டைப் பிடித்து உலுக்கினார்.

எதிர்வீட்டு ரத்தினம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவரை அவள் முன்பின் பார்த்ததில்லை.

"ஜெயச்சந்திரனயா கேக்கறீங்க? விடிகாலைலயே பஸ் புடிச்சு சத்தியவேடு போய்ட்டாரு. அவங்க அக்கா பொண்ண இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்க. முன்ன ரெண்டு தபா வந்தவங்கள, அந்தப் பொண்ணோட நைனா காபி ஆறிப்போச்சுன்னு கத்தியே தொரத்திட்டாராம். அதான் இந்தத் தபா ஒரு கார்டு போட்டு, ரோசத்தக் கிளப்பி, அந்தாள ஏதோ ஓட்ட மோட்டார் சைக்கிள்ல ஊரவுட்டே அனுப்பிட்டாங்க. நீங்க யாரு சாமி, மாப்ள வூட்டுக்காரரா?"