மூணு ஃபிரிட்ஜ் உள்ள வீடு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டு ஃபிரிட்ஜைப் பக்கத்துல ஆயிஷா இத்தா வீட்டுக்கு நகர்த்தணும்.

நாடு எவ்வளவு முன்னேறியிருக்குன்னு அளக்க வீடு வீடா ஆள் வருதாம். தண்ணி இருக்கா, கேஸ் இருக்கா, ஃபிரிட்ஜ் இருக்கான்னு கேட்பாங்களாம்.

கொச்சி மட்டாஞ்சேரியில எங்க சந்துக்குள்ள யாராவது கணக்கெடுக்க வந்தா, முதல்ல பொருளை ஒளிச்சு வைப்போம். எங்களது ஏழைங்களுக்கான பிங்க் ரேஷன் கார்டு. வசதின்னு தெரிஞ்சு கார்டு போயிட்டா, அரிசிக்கு எங்கே போறது?

ஆயிஷா இத்தாவுக்கு வசதியானவங்களோட வெள்ளைக் கார்டு. இழக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

"அடுக்களையில இடம் இருந்தா வெச்சுக்கோ அண்ணாச்சி"ன்னாங்க.

போய்ப் பார்த்தா, எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் எனக்கு முன்னாடியே வந்து நிக்குது!

அந்த வேகத்துல எங்க கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிட்டு வந்துட்டேன்.

என் சம்சாரம் வள்ளி தலையில அடிச்சுக்கிட்டா. "அப்போ சோறு?"

"இங்கேயே பொங்கிடு."

"நல்ல மூளை!"ன்னு முணுமுணுத்துக்கிட்டே மீனை எடுத்துக்கிட்டுப் போனா.

கணக்கெடுக்கிற பொண்ணு வந்தது. மலையாளிப் பொண்ணு, நல்ல மரியாதை.

"அங்கிள், ஃபிரிட்ஜ் உண்டோ?"

"இல்லை மோளே."

"சமையல் எதுல?"

"விறகுல."

"அடுப்பு எங்கே?"

அதை நான் யோசிக்கலை!

"மழையில கரைஞ்சு போச்சு மோளே. கூரை ஒழுகும்."

பொண்ணு அண்ணாந்து பார்த்தது. கான்கிரீட்.

அதையும் எழுதிக்கிட்டது. தப்பிச்சேன்னு மூச்சு விட்டா, நேரா ஆயிஷா இத்தா வீட்டுக்குள்ள நுழையுது! நானும் பின்னாடியே ஓடினேன்.

அடுக்களையில வரிசையா மூணு ஃபிரிட்ஜ். எங்க அடுப்புல சாளை மீன் குழம்பு கொதிக்குது. வள்ளி என்னைப் பார்த்ததும், "ஏங்க, நம்ம வீட்டுல இருந்து உப்பு எடுத்துட்டு வாங்க"ங்கறா!

பொண்ணு சிரிக்கக்கூட இல்லை. "இத்தா, இந்த வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் என் வீட்டுக்காரரும்."

"அதுக்கு மூணு ஃபிரிட்ஜா?"

"ஞங்கள் நல்லா முன்னேறிட்டோம் மோளே"ன்னாங்க இத்தா, முகம் மாறாம.

பொண்ணு என் பக்கம் திரும்பிச்சு. "அங்கிள், இதுக்கும் ரேஷன் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லா வீட்டையும் கூட்டித்தான் நாடு முன்னேறிச்சான்னு பார்ப்பாங்க. உங்களுக்கு மாத்தி எழுதட்டுமா?"

நாட்டை நினைச்சேன். அரிசியையும் நினைச்சேன்.

"நாடு தாராளமா முன்னேறட்டும் மோளே. எங்க வீட்டை மட்டும் கடைசியா எழுதிக்கோ."