நான்கு பக்கத்தில் ஓர் 'ஆமாம்'

முழங்கையைப் பிடித்து நலம் விசாரிப்பவரை நீங்கள் எங்காவது சந்தித்திருந்தால், அவர்தான் தொழுநோய் ஆராய்ச்சியாளர். வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். வலது கை உங்கள் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே இடது கை உங்கள் முழங்கைக்குப் பின்னால் நழுவிப்போய், அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்க்கும், கண் உங்கள் புருவ முடியை எண்ணும், வாய் மட்டும் "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கும். பதில் யாருக்கு வேண்டும்? ஒரு கல்யாண வரவேற்பில் இவர் மாப்பிள்ளையின் முழங்கையை விடாமல் பிடித்திருந்ததில், பின்னால் நின்ற நாற்பது பேருக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

இந்த இனத்தை அவசரப்படுத்த முடியாது. இவர் முப்பது வருடமாகக் கட்டிக்கொண்டு அழும் கிருமி, ஒன்று இரண்டாவதற்கே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும்; ஆய்வகக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சீராட்டினாலும் வளரவே வளராது. அதோடு குடித்தனம் நடத்தியவர் எந்தக் கேள்விக்குத்தான் நேராகப் பதில் சொல்வார்? மனைவி உப்பு சரியா என்று கேட்டால், "ஒரு வாய் வச்சு எப்படிம்மா முடிவுக்கு வர்றது?" என்பார்.

"அப்ப மிச்சத்தையும் சாப்பிட்டுட்டே சொல்லுங்க" என்று அந்த அம்மாள் டிவி பார்க்கப் போய்விடுவார்.

நான் ஆராய்ச்சிப் படிப்புக்காக இவரிடம் உதவியாளனாகச் சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு தையல்காரர் வந்தார். பன்னிரண்டு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கிக் குணமானவர். முன்கையில் வெளிறிய திட்டு ஒன்றுதான் மிச்சம். அதைப் பார்த்துத்தான் கடை முதலாளிக்குப் பயம். திங்கட்கிழமைக்குள் 'நோய் இல்லை' என்று ஒரு வரி வாங்கிவந்தால் பழைய வேலை; இல்லையென்றால் அவருடைய மிஷினில் வேறு ஆள்.

ஒரு வரியா? இவரா? நான்கு பக்கம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'இவருக்கு நோய் இருப்பதாக முடிவு செய்யப் போதிய ஆதாரம் தற்போதைக்குக் கிடைக்கவில்லை எனினும்' என்று அது தொடங்கியது. முதலாளி முதல் மூன்று சொல்லோடு நிறுத்திவிட்டார். தையல்காரர் திரும்பி வந்தார்.

"முழு வாக்கியத்தையும் படிக்கணும்ப்பா."

"முழுசா படிக்கிற ஆளு ஏன் சார் தையல் கடை வைக்கிறாரு?"

நர்ஸ் குறுக்கே வந்தார். "சார், இவருக்குக் குணமாயிடுச்சா இல்லையா?"

"குணம்ங்கிறதுக்கே மூணு விளக்கம் இருக்கும்மா."

"நாலாவதா ஒண்ணு இருக்கு சார். திங்கக்கிழமை."

தையல்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "நான் சட்டை தைச்சுக் குடுத்தா உங்க பொண்ணு போட்டுக்குமா சார்?"

"தாராளமா. இதுல என்ன சந்தேகம்?"

நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். 'சந்தேகம்' என்ற சொல்லை இவர் இப்படிப் பயன்படுத்தி யாரும் கேட்டதில்லை.

"அதையே எழுதிக் குடுங்க சார்."

எழுதினார். 'அநேகமாக' என்று ஆரம்பித்ததை நர்ஸ் அடித்தார். 'சூழ்நிலையைப் பொறுத்து' என்று வந்ததும் காகிதத்தையே மாற்றினார். வியர்த்து விறுவிறுத்து மூன்றாம் காகிதத்தில் ஒரு வரி பிறந்தது: 'இவர் தைத்த சட்டையை என் மகள் போட்டுக்கொள்வாள்.' கீழே கையெழுத்து, முத்திரை.

முதலாளி இந்த முறை முழுவதையும் படித்தார். பிறகு நிமிர்ந்து, "சரி, அளவு எங்க?" என்று கேட்டுவிட்டு மிஷினைக் காட்டினாராம்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் அப்பா போனில், "படிப்பு முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்கும் முதல் ஆள் நான். இருபது நிமிடம் விளக்கினேன். "அப்ப முடியல" என்று வைத்துவிட்டார்.

நீங்கள் எப்படி? உங்களிடம் ஓர் 'ஆமாம்' கேட்டுவிட்டு யாராவது வாசலில் காத்து நிற்கிறாரா? 'வாசல் என்றால் எந்த அர்த்தத்தில்?' என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். நேரமாகும்.