நாலாம் நம்பர் ரீடு

"இதைத் தவிர வேற எதை வேணும்னாலும் காட்டுங்க" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

வாத்தியக் கடைக்காரர் விரலிடுக்கில் இருந்தது இரண்டரை நம்பர் ரீடு. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியான மவுத்பீஸில் வைத்துக் கட்டி ஊதுகிற நாணல் சீவல். நம்பர் ஏற ஏற சீவல் விறைப்பாகும்.

"அண்ணே, உங்க மவுத்பீஸைப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நுனியில திறப்பு அகலம். அதுக்கு மெல்லிசு ரீடுதான் வளைஞ்சு குடுக்கும். திறப்பு குறுகலா இருந்தா விறைப்பானது போடலாம். செருப்பு மாதிரிதான், காலைப் பாத்துத்தான் எடுக்கணும்."

"பெரிய வாசிப்புக்காரங்க என்ன போடறாங்க?"

"சிலபேர் நாலு போடுவாங்க. அவங்க மவுத்பீஸ் வேற, மூச்சு வேற."

பூட்டுக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறதோ, அதைத்தான் 'உங்களுக்கு இதுதான் பொருத்தம்' என்று எடுத்து நீட்டுவது கடைக்காரர்கள் வழக்கம். சாவி பாதியில் சிக்கிக்கொள்ளும் பூட்டை 'திருடனுக்கே அலுத்துப்போற பூட்டு' என்று அவரே எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறார். அவரிடமே இந்த வேலையா?

"நாலு குடுங்க" என்றார்.

அவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நகரத்தின் பொழுதுபோக்கு பேண்டில், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர் அவர். போன வாரம் பேண்ட் மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாடகக் குழு ஒன்று போடப்போகும் புது நாடகத்தில் கிளாரினெட் தனி வாசிப்பு முழுவதும் அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவரும் சந்தோஷத்தில் மனைவியின் தம்பிக்குச் சொல்லிவிட்டார். "அத்தான், ஊதறப்ப ஜன்னலைச் சாத்திக்குங்க, தெருவுல குழந்தைங்க விளையாடுது" என்று வருகிற போதெல்லாம் சொல்லும் மைத்துனன், முன்வரிசையில் குடும்பத்தோடு இடம் பிடித்துவிட்டான். ஒரே ஒரு நாள் அவன் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட வேண்டும். அது போதும்.

ஆனால் ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலி டெய்லர் ஊதினால் தேன் ஒழுகும். அவரை விட்டுவிட்டு மாஸ்டர் ஏன் தன்னைப் பிடித்தார்? பேரம் பேசாமல் ஒருத்தன் சரக்கை எடுத்தால், அவன் நீட்டும் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது பூட்டுக்கடைக்காரரின் வழக்கம்.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் நாலாம் நம்பரைக் கட்டி ஊதினார். முதலில் காற்று மட்டும் வந்தது. கன்னம் புடைக்க இன்னும் அழுத்தினார். எண்ணெய் காணாத கதவைப் பாதி திறந்து நிறுத்தினாற்போல் ஒரு கிறீச்.

டெய்லர் பதறிப்போய் அவர் காதோரம் குனிந்தார். "அண்ணே, உங்க திறப்பு அகலம். மெல்லிசு போடுங்க. இரண்டரை நல்லா இருக்கும்."

பூட்டுக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. வாத்தியக் கடைக்காரன் சொன்ன அதே பேச்சு, அதே நம்பர். ரெண்டு பேர் ஒரே விலை சொன்னால், முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"எனக்குத் தெரியும்" என்றார் வெடுக்கென்று.

அதைவிட விநோதம் மாஸ்டருடைய முகம். திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனுஷன் புன்னகைத்தார்.

"பிரமாதம். எதையும் மாத்திடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "மோசமா ஊதினேன். சிரிக்கிறாரு."

"உங்களைப் பிடிச்சிருக்குமா இருக்கும்."

"என்னை எதுக்குப் பிடிக்கணும்?"

ரீடு விறைப்பு என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அதற்காக இரண்டரைக்கு இறங்கினால் அவர்கள் வலையில் விழுந்த மாதிரி. நாலாகவே இருக்கட்டும், நாமே இளக்கிக்கொள்ளலாம் என்று கடையில் சாவி ராவுகிற அரத்தை எடுத்து ரீடின் நுனியை ராவினார். இடது பக்கம் கொஞ்சம் கூடிப்போயிற்று. அதைச் சரிக்கட்ட வலது பக்கம். அது இன்னும் கூடிப்போயிற்று.

மறுநாள் ஒரே ஊதலில் இரண்டு சத்தம் வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ரெண்டுக்கும் ஆகவே ஆகாது.

மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். "எப்படிங்க இது உங்களுக்கு மட்டும் வருது?"

"ரீடு புதுசு" என்றார் இவர், ஜாக்கிரதையாக.

"பத்திரமா வெச்சுக்குங்க. அதை யாருக்கும் குடுத்துடாதீங்க."

சத்தம் சிதறாமல் இருக்கட்டும் என்று அதற்கடுத்த ஒத்திகையில் பல்லை இறுக்கிக் கடித்து ஊதினார். கீழுதடு தடித்துப்போயிற்று. வந்த சத்தத்தில் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். மாஸ்டர் மட்டும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் உதட்டில் ஐஸ்கட்டியை ஒத்திக்கொண்டே பூட்டுக்கடைக்காரர் கணக்கை முடித்தார். "மூணு பேரும் கூட்டு. டெய்லரும் கடைக்காரனும் என்னை ரீடை மாத்த வைக்கப் பாக்கறாங்க. மாஸ்டர் மாத்தவிடாம பாக்கறாரு."

"கூட்டுன்னா எல்லாரும் ஒண்ணையே சொல்லமாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"அதுதான் கூட்டு. நமக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு மாத்தி மாத்திச் சொல்றாங்க. உன் தம்பி முன்னாடி என் மானத்தை வாங்கி, பேண்டை விட்டே துரத்தணும்."

"துரத்தறதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? நாளையிலேர்ந்து வராதீங்கன்னா வந்துடப் போறீங்களா?"

அவர் ஐஸ்கட்டியை எடுத்தார். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. கெட்டுப்போனதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர் மாஸ்டர். அப்படியானால் அவர் எதை வேண்டாம் என்கிறாரோ, அதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

நாடக அரங்கில் கடைசி ஒத்திகை இருந்த அன்று மத்தியானம், டெய்லர் கடைக்குப் போனார். டெய்லர் வாயில் குண்டூசிகளோடு ஒரு கோட்டின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க இரண்டரை நம்பரைக் காட்டுங்க."

டெய்லர் குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துப்பினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ரீடை எடுத்து நீட்டினார்.

"நீங்க ஊதிக் காட்டுங்க. என் மவுத்பீஸ்லயே."

"என்னண்ணே, விஷம் கலந்திருக்கா பாக்கறீங்களா?"

"சாம்பிள் பாக்காம நான் எதையும் எடுக்கறதில்ல."

டெய்லர் மவுத்பீஸைத் துடைத்துக் கட்டி ஊதினார். கடை நிறைந்தது. துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "உதட்டைக் கடிக்காதீங்க. மெல்லப் பிடிங்க. அதுவே பேசும்."

பூட்டுக்கடைக்காரர் தடித்த உதட்டால் மெல்லப் பிடித்தார். சத்தம் வந்தது. தன்னுடையதுதானா என்று பின்னால் திரும்பிப் பார்க்கவைக்கிற சத்தம். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்து காத்திருந்தவர் அசையாமல் நின்றார்.

"இத்தனை நாளா நீங்க சொன்னதைக் கேக்கல" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"ஆமா. ஏன் கேக்கல?"

"நல்லதைச் சொன்னீங்களே, அதான் சந்தேகம்."

அரங்கில் நடிகர்கள் முதல்முறையாக பேண்டோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். வாத்தியக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால். மாஸ்டர் கை காட்டினார். பூட்டுக்கடைக்காரர் கண்ணை மூடி, முன்வரிசையில் மைத்துனன் வாயடைத்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்தார். வழவழவென்று, பிசிறே இல்லாமல், கடைசி மூச்சு வரைக்கும்.

கண்ணைத் திறந்தார். மேடையில் கதாநாயகன் கையில் பெட்டியோடு வசனம் மறந்து நின்றான். மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய ரீடு எங்கே?" என்றார் மாஸ்டர்.

"குப்பையில" என்றார் பூட்டுக்கடைக்காரர். இத்தனை நாள் பூட்டிவைத்திருந்தது திறந்துகொண்டது. "இப்ப வெளியில வந்துடுச்சு பாத்தீங்களா? நான் நல்லா வாசிச்சா உங்களுக்கு வயிறு எரியுது. டெய்லரை விட்டுட்டு என்னைக் கூப்பிட்டப்பவே சந்தேகப்பட்டேன். உண்மையைச் சொல்லுங்க, என்னை எதுக்குப் பிடிச்சீங்க?"

மாஸ்டர் டெய்லரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

திரைக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தவர்தான் பொறுமை இழந்து சொன்னார்: "அண்ணே, பக்கத்து வீட்டுக்காரன் ஊதற கிளாரினெட்டைத் தாங்க முடியாம கதாநாயகன் வீட்டைக் காலி பண்றதுதான் கதையே, நீங்க இப்படி வாசிச்சா அவன் எதுக்குப் போவான்?"