முழங்கால் ஆழத்துப் பயிற்சியாளர்

இந்த ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் அலறுவார். ஆனால் சர்வதேசத் துடுப்புப் படகுப் போட்டி என்று காதில் விழுந்தால் போதும், அன்றே பயிற்சியாளர் ஆகிவிடுவார். நியமித்தது யார்? யாருமில்லை. அவரே மனமிரங்கி ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி சித்தப்பாவுக்கு. என் தங்கை போட்டிக்குத் தேர்வான அன்றே மனிதர் அலுவலகத்தில் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பத்தை இரண்டு கையாலும் இழுத்து, தோள், மூச்சு, தாளம் என்று வகுப்பெடுத்து, அப்படியே பின்னால் உருண்டுபோய், பக்கத்து மேசைக்காரர் மடியில் காபியைக் கவிழ்த்தார். கேட்டால், அலை எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாதாம்.

போட்டிக்கு முந்தின நாள் வந்தது. வீராங்கனைகள் வீட்டுக்குப் பேச ஐந்தே நிமிடம்; பிறகு போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா மதியத்திலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. பாய்ந்து எடுத்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

“அம்மா எங்க சித்தப்பா?”

“இங்கதான் இருக்காங்க. முதல்ல நான் சொல்றதக் கேளு. கண்ணு ரெண்டும் முடிவுக் கோட்டு மேலயே இருக்கணும். பின்னாடி மட்டும் பாத்துடாத!”

“சித்தப்பா, நாங்க பின்னாடி பாத்துதான் உக்காருவோம். கோடு முதுகுப் பக்கம் இருக்கும்.”

வேறு யாராக இருந்தாலும் அசடு வழிந்து போனைக் கொடுத்திருப்பார்கள். சித்தப்பா ஒரு விநாடி யோசித்தார்.

“அப்ப உக்கார்ற முறையே தப்பு. நாளைக்குத் திரும்பி உக்காரு.”

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. சித்தப்பா அவளைக் கையமர்த்திவிட்டு காற்றுக்கு வந்தார், காற்றிலிருந்து கால்விரலுக்கு வந்தார், அங்கிருந்து தன் பள்ளி நாள் ஓட்டப் பந்தயத்துக்கே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அம்மாவே எழுந்து போனைப் பிடுங்கினாள்.

“பயமா இருக்காடி?”

“ரொம்பம்மா. நீ ஏதாவது சொல்லேன்.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

“கவலப்படாதீங்க அண்ணி,” என்றார் சித்தப்பா. “சொல்ல வேண்டியது எல்லாத்தையும் நான் சொல்லிட்டேன்.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது நாளைக்குத் தேர்வோ நேர்காணலோ இருக்கும். அவர்களிடம் இரண்டே இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இப்போதே தொண்டையைச் செருமுகிறீர்களே, அது எனக்குக் கேட்காது என்றா நினைத்தீர்கள்?